படத்தை மாற்றலாமா? மொழிபெயர்த்த சிறுவர் கதைகள் பற்றி

2 பிப்ரவரி, ஒரு வாசகரின் கேள்வி

மொழிபெயர்ப்பில் வரும் தேவதைக் கதைகளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். கதை ஒட்டுகிறது, படம் ஒட்டவில்லை. பனி மூடிய காடு, கூம்புக் கூரை வீடு, வெளிறிய முடியோடு இளவரசி. கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, படங்களை நம் ஓவியர்களை வைத்துப் புதிதாக வரைந்தால் என்ன? அந்தப் பழைய படங்களையே ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

2 பிப்ரவரி, இரவு

வேண்டாம் என்றுதான் உடனே சொல்லத் தோன்றுகிறது.

பிள்ளைக்குப் பனி தெரியாது, சரி. பாட்டியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கும் ஓநாயையும்தான் தெரியாது. அதை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புகிற பிள்ளை, கூம்புக் கூரையைப் பார்த்து மிரண்டுவிடுமா? மிரள்வது பெரியவர்கள். "இது நம்முடையது இல்லையே" என்ற கூச்சம் நமக்குத்தான். நான் வாசித்துக் காட்டிய எந்தப் பிள்ளையும் படம் அந்நியமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. படம் தப்பாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள், நிறையவே. அது வேறு விஷயம். நாளை எழுதுகிறேன்.

4 பிப்ரவரி

நாளை என்றது இன்றைக்குத்தான் வந்தது.

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1835-இல் வெளியிட்ட முதல் சிறு நூலிலேயே இருக்கிற கதை, சிக்கிமுக்கிப் பெட்டி. ஒரு படைவீரன் மரப் பொந்துக்குள் இறங்குகிறான். மூன்று அறைகள், மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு நாய். செப்புக் காசைக் காக்கும் நாய்க்குத் தேநீர்க் கோப்பை அளவு கண். வெள்ளிக் காசு நாய்க்கு ஆலைச் சக்கரம் அளவு. தங்கத்தைக் காக்கும் நாயின் கண் ஒரு வட்டக் கோபுரம் அளவு. கதையின் கும்மாளமே இந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது.

அக்கா மகளுக்கு இதை ஒரு மொழிபெயர்ப்பிலிருந்து வாசித்தேன். மொழி நன்றாகவே இருந்தது. மூன்றாவது நாய்க்கு நானும் குரலை ஏற்றி, கையை விரித்து, முடிந்தவரை நடித்தேன். பக்கத்தில் இருந்த படத்தில் மூன்று நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்றும் ஒரே நாய். கண்ணும் ஒரே கண். "இதில் தங்க நாய் எது?" என்றாள். நான் ஒன்றைக் காட்டினேன். "இல்லை, பொய்" என்றாள். அதற்கப்புறம் அவள் கதையைக் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, படத்தில் வேறு என்னவெல்லாம் பொய் என்று தேட ஆரம்பித்துவிட்டாள். கிடைத்தன. நீலக் கட்டம் போட்ட முன்றானைத் துணியில்தான் அவன் நாயைத் தூக்கி வைக்க வேண்டும்; படத்தில் துணி சிவப்பு, கட்டமே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் ஒழுங்காக உழைத்திருக்கிறார். ஓவியருக்கு யாரோ தொலைபேசியில் "மூணு நாய், ஒரு சிப்பாய்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

4 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

ஓவியர் பக்கமும் கொஞ்சம் நிற்கிறேன். கோபுரம் அளவு கண் என்றால் நாய் எவ்வளவு பெரிது? அது எப்படி ஓர் அறைக்குள் நிற்கும்? அதை ஒருவன் எப்படித் தூக்கித் துணிமேல் வைப்பான்? எழுத்து இதற்கெல்லாம் பதில் சொல்லாமலே ஓடிவிடும், கேட்பவரும் கூடவே ஓடிவிடுவார். வரைகிறவர் அப்படி ஓட முடியாது. ஏதாவது ஓர் அளவைத் தாளில் போட்டே ஆக வேண்டும். நல்ல ஓவியர்கள் நாயைக் கொஞ்சமாகவும் கண்ணை நிறையவும் காட்டித் தப்பிக்கிறார்கள். மூன்றாவது நாயின் ஒரு கண் மட்டும் பக்கம் முழுக்க நிற்கிற மாதிரி வரைந்தால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

7 பிப்ரவரி

படத்தை மாற்றக் கூடாது என்று ஒரேயடியாகச் சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எந்தப் படம் 'மூலப் படம்' என்று தேடிப் போனால் காலுக்குக் கீழே தரை இல்லை.

ஜெர்மனியில் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்களின் தொகுப்பு 1812-இல் வந்தபோது அதில் படமே கிடையாது. அடிக்குறிப்பு, ஒப்பீடு என்று அது பெரியவர்களுக்கான ஆய்வு நூல் மாதிரிதான் இருந்தது. 1819-இல் இரண்டாம் பதிப்பு, அதில் முகப்புப் படத்தோடு சரி. அப்புறம் 1823-இல் லண்டனில் எட்கர் டெய்லர் சில கதைகளைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் போட்டார். அதற்கு ஜார்ஜ் குரூக்ஷாங்க் என்ற கேலிச்சித்திரக்காரர் துள்ளலான சின்னச் சின்னப் படங்கள் வரைந்தார். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பார்த்துத்தான் ஜெர்மனியில் 1825-இல் 50 கதைகள் மட்டும் கொண்ட சிறு பதிப்பு வருகிறது. அதில் 7 படங்கள், வரைந்தவர் அவர்களுடைய தம்பி லுட்விக் எமில். கிரிம் கதைகள் வீடுகளுக்குள் நுழைந்தது அந்தச் சிறு பதிப்பின் வழியாகத்தான்.

அதாவது, படம் போட்டால் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதை மூலத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே ஒரு மொழிபெயர்ப்பு.

ஆண்டர்சன் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். வில்ஹெல்ம் பெடர்சன் என்ற கடற்படை அதிகாரி வரைந்த படங்களைத்தான் டென்மார்க்கில் ஆண்டர்சனின் 'சொந்த'ப் படங்களாக நினைக்கிறார்கள். அவற்றை வரையச் சொன்னது லைப்சிக்கைச் சேர்ந்த பதிப்பாளர் ஒருவர், 1849-இல், ஜெர்மன் பதிப்புக்காக.

ஆக, இந்த வகைக் கதைகளில் படத்துக்குப் பிறந்த வீடு என்று ஒன்று கிடையாது. யார் வேண்டுமானாலும் வரையலாம்.

8 பிப்ரவரி

"அப்போ என் பக்கம் வந்துவிட்டீர்கள்" என்கிறார் கேள்வி கேட்டவர். பாதி வழி வந்திருக்கிறேன். மீதி வழியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

8 பிப்ரவரி, இரவு

சிண்ட்ரெல்லா, சிவப்புத் தொப்பிச் சிறுமி கதைகளை எழுதிய பிரெஞ்சுக்காரர் பெரோவை விட்டுவிட்டேன் என்று சுட்டிக்காட்டுபவருக்கு: ஆமாம், 1697-இல் வந்த அவருடைய நூலில் ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் ஒரு குட்டிப் படம் உண்டு. மூலப் படம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லலாம். ஆனால் இன்று பெரோ என்றதும் யாருக்கு அந்தப் படங்கள் நினைவுக்கு வருகின்றன? வருவது குஸ்தாவ் தோரே 1862-இல் வரைந்தவை. சிவப்புத் தொப்பிச் சிறுமி ஓநாய்க்குப் பக்கத்தில் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருப்பாளே, அந்தப் பார்வை. பயம் என்று சொல்ல முடியாது. சந்தேகம் வந்துவிட்டது, இன்னும் முடிவுக்கு வரவில்லை. எழுத்தில் அது "உங்கள் பல் ஏன் இவ்வளவு பெரிது" என்று ஏறிக்கொண்டே போகும். தோரே அந்த ஏற்றத்துக்கு முன்னால் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்திவிட்டார். 165 ஆண்டு கழித்து வந்த படம் மூலப் படத்தைத் துடைத்தே போட்டுவிட்டது. என் வாதத்துக்கு இது பலம்தான்.

11 பிப்ரவரி

இப்போது அந்தப் பள்ளம்.

கதை முதலில், படம் பிறகு என்று வந்தவற்றைப் பற்றித்தான் இதுவரை பேசினேன். படமும் எழுத்தும் சேர்ந்தே பிறந்த புத்தகங்கள் தனி இனம். அவற்றில் படத்தை மாற்றினால் கதையில் பாதியை வெட்டி எறிந்ததாகிவிடும்.

நான் எப்போதும் காட்டும் உதாரணம் லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் புத்தகம், 1871-இல் வந்தது. ஆலிஸ் கண்ணாடிக்குள் புகுந்து மறுபக்கம் போகிறாள். ஜான் டெனியல் இதற்கு இரண்டு படங்கள் வரைந்தார். முதல் படத்தில் அவள் முதுகு தெரிய, கண்ணாடிக்குள் நுழைகிறாள். இரண்டாவதில் மறுபக்கத்திலிருந்து வெளியே வருகிறாள். முதல் பதிப்பில் இந்த இரண்டும் ஒரே தாளின் முன்னும் பின்னும், ஒன்றின் முதுகில் ஒன்றாக அச்சாகியிருக்கின்றன. தாளைத் திருப்பினால் ஆலிஸ் கண்ணாடியைத் தாண்டிவிடுவாள். அந்தத் தாள்தான் கண்ணாடி!

எத்தனை பதிப்புகளில் இது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். பல மொழிபெயர்ப்புகளில் இரண்டு படங்களும் எதிரெதிர்ப் பக்கத்தில் கிடக்கும். சிலவற்றில் ஒன்றுதான் இருக்கும், "இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது" என்று யாரோ இடம் மிச்சம் பிடித்திருப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் ஓர் எழுத்தைக்கூடத் தவறவிடவில்லை. புத்தகத்தின் மிக நல்ல வித்தை மட்டும் காணாமல் போய்விட்டது. இதை யாரும் மொழிபெயர்ப்புப் பிழை என்று எண்ணுவதே கிடையாது. நான் எண்ணுகிறேன்.

எரிக் கார்லின் பசித்த புழுவும் அப்படித்தான், 1969. புழு தின்ற இடத்தில் தாளில் நிஜமாகவே ஓட்டை. பழங்கள் ஏற ஏறப் பக்கத்தின் அகலமும் ஏறும். அந்த ஓட்டைகளைக் கட்டுப்படியாகும் செலவில் போட அமெரிக்காவில் அச்சகம் கிடைக்காமல் ஜப்பானில் அச்சடித்தார்கள். இதை எடுத்துச் சாதாரணப் பக்கங்களில் "நம் பாணியில்" வரைந்து தந்தால், விரல் விடுவதற்கு ஓட்டை எங்கே என்று முதல் நாளே கேட்பார்கள்.

12 பிப்ரவரி

ஓட்டை இல்லாத பதிப்புக்கு அக்கா மகளே ஓட்டை போட்டுக்கொள்வாள், கவலை வேண்டாம்.

15 பிப்ரவரி

"எல்லா மொழியிலும் ஒரே படம் வருவது வெளிநாட்டுப் பதிப்பாளர்களின் பிடிவாதம்" என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. பிடிவாதத்தைவிடக் கணக்குதான் காரணம். வண்ணப் புத்தகம் நான்கு மைகளில் அச்சாகிறது: நீலம், செந்நீலம், மஞ்சள், கருப்பு. ஒவ்வொரு மைக்கும் ஓர் அச்சுத் தகடு. பல மொழிப் பதிப்புகளை ஒன்றாக ஓட்டும்போது மூன்று வண்ணத் தகடுகளையும் தொடுவதில்லை. எழுத்து இருக்கும் கருப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுகிறார்கள். அதனால்தான் இந்தப் புத்தகங்களில் எழுத்து எப்போதும் கருப்பாக, வெளிர் பின்னணியில் இருக்கும். கருநீல வானத்தில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் எல்லாத் தகடுகளையும் மாற்ற வேண்டும், செலவு எகிறிவிடும். ஓவியரிடமே "படத்துக்குள் கடைப் பெயர்ப் பலகை, கடிதம் எதுவும் வரையாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுண்டு.

மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும் பிறகு 1982-இல் அதிலிருந்து பிரிந்த ராதுகாவும் தமிழில் போட்ட சிறுவர் நூல்கள் நினைவிருக்கும். நம்மில் ஒரு தலைமுறைக்குப் பனிக்காடு பழக்கமானதே அந்தப் படங்களால்தான். கேள்வி கேட்டவர் பனியை அந்நியம் என்கிறார். எனக்கு அது பால்ய காலத்து நிலம். கோழிக்கால் குடிசையும், உரலில் உட்கார்ந்து உலக்கையால் தள்ளிக்கொண்டு பறக்கும் கிழவி பாபா யாகாவும் பயமுறுத்தியதுண்டு. ஆனால் "இது யாருடைய கிழவி" என்று நான் யோசித்ததில்லை.

அந்தப் புத்தகங்களில் எனக்கு இருக்கும் ஒரே குறை எழுத்தின் அளவு. தமிழில் சொன்னால் வரி நீளும். படத்தில் விட்டிருக்கும் இடம் நீளாது. அப்புறம் எழுத்தைச் சிறிதாக்கித் திணிப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை தானாகப் படிக்க வேண்டிய பக்கத்தில் சட்டப் புத்தகம் மாதிரி எழுத்து. இன்றும் நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அந்தப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினால் இரண்டு வரியை ஒரு வரியாக்கலாம். படத்தில் தெரிகிற சிவப்புக் கதவை எழுத்தில் "சிவப்புக் கதவு" என்று இன்னொரு முறை சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் அவருக்கு எழுத்து மட்டும் அடங்கிய கோப்பைத்தான் அனுப்புகிறார்கள் என்பது என் அனுமானம். பக்கங்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

16 பிப்ரவரி

அரபு, எபிரேயம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. வலமிருந்து இடம் படிக்கும் மொழியில் கதை எதிர்த்திசையில் நகர வேண்டும். இடமிருந்து வலமாக ஓடும் சிறுவனை அப்படியே விட்டால், அவன் வந்த வழியே திரும்பி ஓடுவது போல இருக்கும். அதனால் படங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிடுவதுண்டு. உடனே எல்லாரும் இடக்கைக்காரர் ஆகிவிடுகிறார்கள். ஜப்பானியப் படக்கதைகள் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் தொடக்கத்தில் இதே விளையாட்டுதான்.

நமக்கு இந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லைகள் போதுமானவை இருக்கின்றன.

19 பிப்ரவரி

அடுத்த புகார், எனக்கு மிகவும் பிடித்த புகார்: கதை முடிந்ததும் ஒரு கட்டத்துக்குள் "இக்கதையால் அறியும் நீதி". மூலத்தில் இல்லாத நீதியை ஒட்ட வைப்பது. தங்கப் பந்துக்காகத் தவளையிடம் வாக்குக் கொடுத்த இளவரசி கதைக்கு "பெரியோர் சொல் கேள்" என்று நீதி போட்ட ஒரு பதிப்பைப் பார்த்தேன். அவளுடைய அப்பா அந்தத் தவளையைச் சாப்பாட்டு மேசைக்கு அழைக்கச் சொல்கிறார் என்பதால் இருக்கலாம்.

இது நம் ஊர் வியாதி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். முன்னால் சொன்ன குரூக்ஷாங்க் வயதான காலத்தில் தீவிர மதுவிலக்குக்காரர் ஆகிவிட்டார். 1853-இலிருந்து தேவதைக் கதைகளைத் தாமே திருத்தி எழுதிப் படத்தோடு வெளியிட்டார். அவருடைய சிண்ட்ரெல்லா திருமணத்தில், ஊருக்கு மது ஊற்று ஓடவிட வேண்டும் என்று அரசர் நினைக்க, தேவதைத் தாய் குறுக்கே நின்று மதுவின் தீமை பற்றிப் பேசுவாள். பூசணிக்காயை வண்டியாக்கியவளுக்கு வந்த கதி! சார்லஸ் டிக்கன்ஸ் அவருடைய நண்பர்தான், பொறுக்க முடியாமல் 1853 அக்டோபரில் தம் பத்திரிகையில் கட்டுரை எழுதிக் கிழித்தார். இந்தக் கதைகளை எவரும் தம் கொள்கைக்காக மாற்றக் கூடாது என்பது வாதம். கிண்டலுக்கு அவரே ஒரு சிண்ட்ரெல்லாவும் எழுதிச் சேர்த்திருந்தார்.

இதில் எனக்கு வேடிக்கை என்னவென்றால், கதையைக் கெடுத்த அதே கை வரைந்த படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. பிரசங்கம் வந்தது எழுத்தில்தான்.

20 பிப்ரவரி

"பெரோவே ஒவ்வொரு கதைக்கும் முடிவில் நீதி எழுதினாரே?" சரியான அடி. எழுதினார், பாட்டாக. ஆனால் அவற்றைப் படித்துப் பாருங்கள், பாதி நக்கல். சிண்ட்ரெல்லாவுக்கு இரண்டு நீதி. நல்ல குணம் அழகைவிட மேல் என்பது முதலாவது. என்ன திறமை இருந்தாலும் ஆதரிக்க ஒரு ஞானத்தாய் வேண்டும் என்கிற தொனியில் இரண்டாவது. அந்த இரண்டாவதை எந்தச் சிறுவர் பதிப்பிலாவது போட்டால் அந்தக் கட்டத்துக்கு நான் எதிர்ப்புத் தெரிவிக்க மாட்டேன்.

24 பிப்ரவரி

கொடூரம் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். வெட்ட வேண்டுமா, வைக்க வேண்டுமா.

முதலில் ஒன்று. கிரிம் சகோதரர்களே வெட்டியவர்கள்தான், ஆனால் நாம் வெட்டுகிற இடத்தில் அல்ல. 1812 பதிப்பில், கோபுரத்தில் அடைபட்ட பெண் ராபுன்சல், தன் உடைகள் ஏன் இறுக்கமாகிவிட்டன என்று வெகுளியாகக் கேட்பாள். கர்ப்பம் என்று வாசகருக்குப் புரிந்துவிடும். அது பிறகு போய்விட்டது. 1812-இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பது பெற்ற தாய்; 1819-இல் சிற்றன்னை ஆகிவிட்டாள். தாய்மையைக் காப்பாற்றினார்கள், சிற்றன்னைகள் தலையில் பழி. ஆனால் சிண்ட்ரெல்லாவின் அக்காமார் கண்ணைப் புறா கொத்துவது முதல் பதிப்பில் இல்லை, 1819-இல் சேர்த்தார்கள். உடல் சார்ந்த குறிப்பு குறைந்தது, தண்டனை கூடியது. "மூலத்துக்கு விசுவாசமாகக் கொடூரத்தை வைத்தோம்" என்று முன்னுரையில் பெருமைப்படும் மொழிபெயர்ப்பாளர், எந்தப் பதிப்பு மூலம் என்பதையும் சொன்னால் நல்லது. உலகம் பெரும்பாலும் மொழிபெயர்ப்பது 1857-இன் ஏழாம் பதிப்பைத்தான்.

என் அனுபவத்தில் எழுத்தில் வரும் கொடூரம் பிள்ளைகளை அவ்வளவு தொடுவதில்லை. ஸ்னோ ஒயிட்டின் சிற்றன்னையான ராணி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பில் ஆடி விழுந்து இறக்கிறாள் என்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போனால், "சரி, அப்புறம்?" என்பார்கள். அதையே படமாகப் போட்டால் கதை வேறாகிவிடுகிறது. வரி கடந்து போய்விடும். படம் பக்கத்தைத் திருப்பும்வரை அங்கேயே நிற்கும். சில பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திருப்பவும் விடமாட்டார்கள், அதுவும் உண்மை.

கைதேர்ந்த ஓவியர்கள் நிகழ்ச்சிக்கு ஒரு கணம் முன்போ பின்போ நின்றுகொள்கிறார்கள். செருப்பை இடுக்கியால் பிடித்து எடுத்து வருகிற வேலைக்காரனை வரையலாம். கண் கொத்துகிற புறாவை வரைய வேண்டாம், தேவாலயத்தின் மேல் உட்கார்ந்து காத்திருக்கும் இரண்டு புறாக்கள் போதும். தோரே செய்ததும் இதைத்தான். எனவே என் பதில்: வரியை வெட்டாதீர்கள், படத்தைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். வரியை வெட்டிவிட்டு, அட்டையில் கோரைப்பல் ஓநாயை ரத்தம் சொட்டப் போடுகிறார்கள்.

25 பிப்ரவரி

தூக்கம் வராத பிள்ளை பற்றி எழுதியவருக்கு: அப்படியென்றால் வெட்டுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையைவிடப் பதிப்பு விசுவாசம் முக்கியமில்லை. வாசிக்கும்போது வாயால் வெட்டினால் போதும், புத்தகம் முழுசாகவே இருக்கட்டும்.

1 மார்ச்

"தவளைக்கு முத்தம் கொடுப்பதைப் படமாகப் போடாத பதிப்பு அரைகுறை" என்ற கருத்தைத் திருத்த வேண்டும். கிரிம் கதையில் முத்தமே கிடையாது. இளவரசி எரிச்சல் தாங்காமல் தவளையைச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள், விழும்போது இளவரசனாக விழுகிறான். டெய்லர் 1823-இல் அதை மென்மையாக்கினார்: தவளை மூன்று இரவு அவள் தலையணையில் தூங்குகிறது, விடிந்தால் இளவரசன். அதிலும் முத்தம் இல்லை. முத்தம் அதற்கெல்லாம் பிறகு வந்து சேர்ந்து, அட்டைப் படங்களில் குடியேறிவிட்டது. ஒரு சந்தர்ப்பத்தில் நான் பார்த்த புத்தகத்தில் உள்ளே சுவரில் அடிக்கிறாள், அட்டையில் முத்தம் கொடுக்கிறாள். நடுவில் சமாதானம் ஆகிவிட்டார்கள் போல.

5 மார்ச்

படத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் உள்ள உறவு ஐரோப்பாவில் ஆரம்பித்தது போல எழுதிக்கொண்டே போகிறேன் என்று பட்டது. அது சரியல்ல. பஞ்சதந்திரம் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குப் போகிறது. அங்கிருந்து 8-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃபா அதைக் கலீலா திம்னா என்ற பெயரில் அரபிக்குக் கொண்டுவருகிறார். அவருடைய முன்னுரையில் நூலின் நோக்கங்கள் என்று நான்கு சொல்கிறார். விலங்குகள் பேசுவதால் இளைஞர்கள் ஆர்வமாகப் படிப்பார்கள் என்பது ஒன்று. பல வண்ணங்களில் விலங்குப் படங்கள் இருந்தால் அரசர்கள் மகிழ்வார்கள் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: அப்படி எல்லாரும் விரும்பினால் மறுபடி மறுபடி படியெடுப்பார்கள், ஓவியருக்கும் எழுத்தருக்கும் எப்போதும் வேலை இருக்கும். நான்காவது நோக்கம் தத்துவ ஞானிகளுக்கு, அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஓவியரின் பிழைப்பை முன்னுரையில் யோசித்த ஒரு மொழிபெயர்ப்பாளர்! அந்த நூலின் படம் போட்ட கையெழுத்துப் பிரதிகள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து நமக்குக் கிடைக்கின்றன. அவற்றில் சிங்கமும் நரியும் அவர்கள் ஊர் நிலத்தில், அவர்கள் ஊர்ச் செடிகளுக்கு நடுவே நிற்கின்றன. யாரும் மூலப் படத்தைத் தேடவில்லை. கேள்வி கேட்டவர் இதைத் தம் பக்கத்துச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

9 மார்ச்

இன்னொன்று, விலகிப் போகிறேன் என்று தெரிந்தே. புதிதாக வரைகிறவர் மூலத்துக்கே உதவிய சம்பவம். டோல்கீனின் ஹாபிட் என்ற கற்பனைக் கதை 1962-இல் ஸ்வீடிஷில் வந்தபோது படம் வரைந்தவர் டூவே யான்சன், மூமின் என்ற சிறுவர் கதைப் பாத்திரங்களைப் படைத்தவர். அதில் கோலம் என்ற பிராணியைக் கதை நாயகன் பில்போவைவிடப் பலமடங்கு பெரிய பூதமாக வரைந்துவிட்டார். ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் அன்றைய பதிப்பைத் திறந்து பார்த்தால் கோலம் எவ்வளவு உயரம் என்று அந்த இடத்தில் எழுதியே இல்லை! 1966-இன் திருத்திய பதிப்பில் கோலம் 'சிறிய' பிராணி ஆகிவிட்டது.

சிக்கிமுக்கிப் பெட்டி ஓவியர் எழுத்தைப் படிக்காமல் வரைந்தார். யான்சன் எழுத்தில் இருந்ததை மட்டும் படித்து, மீதியைத் தம் கற்பனையில் வரைந்தார். இரண்டு படங்களும் 'தப்பு' என்று ஒரே கூடையில் போடுவதை என்னால் ஏற்க முடியாது. முதலாவதைப் பார்த்துப் பிள்ளை கதையை விட்டு வெளியேறியது. இரண்டாவதைப் பார்த்தால் கதைக்குள் இன்னும் ஆழமாகப் போகும்: இவ்வளவு பெரியதோடா பில்போ விடுகதை போட்டான்?

14 மார்ச்

கேள்வி கேட்டவர் இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டார்: "சரி, ஒரு பழைய கதையை நம் ஓவியரை வைத்து வரைவதாகவே வைத்துக்கொள்வோம். என்ன பார்க்க வேண்டும்?"

என் ஆசை இது. மொழிபெயர்ப்பு முழுதாக முடிந்த பிறகு ஓவியருக்குக் கொடுங்கள், சுருக்கத்தைக் கொடுக்காதீர்கள். அவர் பென்சிலில் பக்கங்களைப் பிரித்து வரைந்ததும் அதைத் திரும்ப மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். அவர் வரிகளை வெட்டவும் நகர்த்தவும் விடுங்கள். ரகசியம் உடையும் வரியும் அதைக் காட்டும் படமும் ஒரே விரிப்பில், அதாவது திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்களில், இருக்கட்டும். ஓநாய் பாட்டியை விழுங்குவதற்கு இரண்டு பக்கம் முன்னாலேயே வீங்கிய வயிற்றோடு அதன் படத்தைப் போடாதீர்கள். பிள்ளை முதலில் பார்ப்பது படத்தைத்தான். நீங்கள் வாசித்துக்கொண்டு வருவதற்குள் அதற்கு எல்லாம் தெரிந்துவிடும், உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும்.

இதைச் செய்தால் காட்டில் பனை மரம் நின்றாலும் எனக்குச் சம்மதம். இதைச் செய்யாமல் பனை மரம் மட்டும் வைத்தால் அது வேறு ஊர்ப் பொய்.

14 மார்ச், கடைசியாக ஒன்று

வாங்கும்போது எப்படிப் பார்ப்பது என்று கேட்டவருக்கு. உள் தலைப்புப் பக்கத்தைப் புரட்டுங்கள். மொழிபெயர்த்தவர் பெயர், வரைந்தவர் பெயர் இரண்டும் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் நான் வைத்துவிடுவேன். பெரும்பாலும் எங்கிருந்தோ அள்ளிய படமும், எங்கிருந்தோ சுருக்கிய கதையுமாக இருக்கும். ஒன்று மட்டும் இருந்தால் நடுவில் ஒரு விரிப்பைத் திறந்து, படத்தில் எத்தனை பேர் என்று எண்ணி, எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஏழு குள்ளர்கள் கதை இதற்கு வசதி. ஆறு பேர் நிற்கிற புத்தகம் ஒன்றும் என்னிடம் இருக்கிறது, ஏழாவது ஆள் பைண்டிங்கில் போய்விட்டார்.